மார்கழிப் பனியில் வியர்வை

மூன்று இரவுகள் தொடர்ந்து அம்மா ஒரே கேள்வியைக் கேட்டார். "பிள்ளை, படலையைப் பூட்டினியோ?" முதல் இரவு, பூட்டிவிட்டேன் என்று படுக்கையில் கிடந்தபடியே பதில் சொன்னேன். இரண்டாம் இரவு எழுந்து போய், ரோச் லைற் அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மூன்றாம் இரவு கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? இனி ஆர் படலையை உடைச்சுக்கொண்டு வரப்போயினம்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்த அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தைக் கண்ட பிறகும் அது என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான், ஒரு வருடம் கழிந்தும் என் மனதை விட்டுப் போகாமல் இருக்கிறது.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. சீனி வருத்தம் வந்து பதினேழு வருடங்கள். காலையும் மாலையும் கிளிக்கிளசைட் 80 மில்லிகிராம், சாப்பாட்டோடு மெற்போமின். மாதம் ஒருமுறை கிளினிக். போன மார்கழியில் சலக்கடுப்பு (சிறுநீர் போகும்போது எரிவு) வந்து, இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துச் சமாளித்துவிட்டு, காய்ச்சல் தொடங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னார். கிளினிக் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஆகவே அன்று மாலையே பக்கத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது பேருக்கு மேல் காத்திருந்த இடம். எங்கள் முறை வந்தபோது எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். "வேறை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று அவர் கேட்டார், "சீனி இருக்கு" என்று அம்மா சொன்னார். என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கிளினிக் கொப்பி அம்மாவின் கைப்பைக்குள், பிளாஸ்ரிக் உறையில் பத்திரமாக இருந்தது. ஏன் எடுத்துக் காட்டவில்லை என்று பிறகு கேட்டபோது, "அது ஆஸ்பத்திரிக் கொப்பியெல்லோ, இவருக்கு என்னத்துக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பை என் மடியில்தான் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த காரணம்

பதகளிப்பு என்ற சொல்லை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது, கை கால் உதறுவது, இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழும்புவது, ஏதோ நடக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு நிச்சயம் தோன்றுவது ஆகிய அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அதற்கான காரணத்தையும் நாங்கள் தேடுவதில்லை. அது தயாராக இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவில், மழைக்குள், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்துக்குள் அம்மாவும் இருந்தார். என் கையை ஒரு கையிலும், தம்பியை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தவர். வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது படலையைப் பூட்டினேனா இல்லையா என்ற சந்தேகம் கைதடி போய்ச் சேரும்வரை அவரை அரித்துக்கொண்டே இருந்ததாக எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே நள்ளிரவில் எழுந்து அவர் படலையைப் பற்றிக் கேட்டால், நாங்கள் வேறு என்ன நினைப்போம்?

ரொறன்ரோவிலுள்ள தம்பி தொலைபேசியில் கேட்டவுடனேயே முடிவு சொல்லிவிட்டான். "அக்கா, அவவுக்கு அது திரும்ப வந்திட்டுது. இஞ்சை உதுக்கு நல்ல மருந்தெல்லாம் குடுக்கினம்." பக்கத்து வீட்டு மாமி திருநீறு பூசிவிட்டு, "யோசிக்காதேங்கோ அக்கா" என்று ஆறுதல் சொன்னதோடு நில்லாமல், தனக்கு எழுதிக் கொடுத்திருந்த நித்திரைக் குளிசையில் பாதியை உடைத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பு மிகுந்த செயல்தான். அம்மா அதைக் குடிக்க மறுத்துவிட்டார். பகல் முழுக்கத் தூங்கி வழிவது அவருக்குப் பிடிக்காது. அந்த அரைக் குளிசையை அவர் விழுங்கியிருந்தால், நடுங்கி எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமலே கிடந்திருப்பார், நாங்களும் நன்றாகத் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டிருப்போம் என்ற எண்ணம் இப்போதும் எனக்கு நடுக்கத்தைத் தருகிறது.

அந்த மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் எங்கள் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. காய்ச்சலாலும் அந்தக் குளிசையாலும் வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது. குரக்கன் பிட்டில் இரண்டு வாய், பிறகு பிளேன்ரீ. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லி வழக்கமான ஒருநேர விரதத்தையும் பிடித்தார். ஆனால் சீனிக் குளிசையை மட்டும் ஒரு நேரமும் தவறவிடவில்லை. வருத்தம் உள்ள நேரத்தில் மருந்தை விடக்கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

பின்கழுத்தின் ஈரம்

கோபித்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் போய் இருந்து, முதுகைத் தடவிக் கொடுக்கலாம் என்று கையை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. பின்கழுத்திலிருந்து தண்ணீர் ஊற்றியது போல ஈரம். முடியின் அடி முழுவதும் ஒட்டிப்போயிருந்தது. வெளியே மார்கழிப் பனி. முற்றத்து வாழையிலையிலிருந்து பனித்துளி சொட்டும் சத்தம் யன்னலுக்குள்ளால் கேட்கிற இரவு. மின்விசிறி போட்டு ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. நான் போர்த்த போர்வையோடு எழுந்து வந்து நிற்கிறேன். அம்மா குளித்துவிட்டு வந்தவரைப் போல நனைந்திருக்கிறார். பயத்தில் வியர்க்காதா என்று கேட்டால் வியர்க்கும்தான். ஆனால் அந்தத் தோல் தொட்டவுடன் குளிர்ந்திருந்தது; அவருடைய கண்கள் என் முகத்தில் நிற்காமல் பின்னாலிருந்த சுவருக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குளிர்ந்த ஈரம் எனக்குத் தெரிந்த எந்தக் கதைக்குள்ளும் அடங்கவில்லை.

குளுக்கோமீற்றர் அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. 2022 நெருக்கடியில் எல்லாமே விலையேறியபோது, சோதிக்கும் பட்டிகளை வாங்குவதை நாங்கள் மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தோம். மாதம் ஒருமுறை கிளினிக்கில் பார்க்கிறார்களே என்று எங்களுக்கு நாங்களே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டோம். குப்பிக்குள் நான்கு பட்டிகள் மிஞ்சியிருந்தன. இரண்டு மாதத்துக்கு முன்பே காலாவதியானவை. விரலைக் குத்தி முதல் பட்டியில் பார்த்தபோது 44 என்று காட்டியது. பட்டி பழுதாகியிருக்கும் என்று நினைத்து, விலையைப் பார்க்காமல் இரண்டாவதையும் எடுத்து மற்றக் கை விரலில் குத்தினேன். 47. டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பதும், 54 இற்குக் கீழே போனால் அது ஆபத்தான இறக்கம் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்த கணக்குகள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, இவ்வளவு சிறிய எண்ணை அந்தக் கருவியில் நான் ஒருநாளும் கண்டதில்லை என்பது மட்டுமே.

மூன்று தேக்கரண்டி சீனியைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொண்டுபோய் வாயில் வைத்தபோது அம்மா முகத்தைத் திருப்பினார். "சீனி வருத்தக்காரிக்குச் சீனியோ தாறாய்?" நாக்கு குழறிய நிலையிலும் அந்த ஒழுக்கம் மட்டும் குலையவில்லை. கெஞ்சிக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடத்தில் மூன்றாம் பட்டி 63 என்றது. இன்னும் ஒரு தடவை சீனித்தண்ணீரும் நான்கு பிஸ்கற்றும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய கண்கள் என் முகத்தில் வந்து நின்றன. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன எல்லா லைற்றையும் போட்டு வைச்சிருக்கிறாய், கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்றார். படலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு முன் வீட்டுக்குள் நிறைந்திருந்த அந்தப் பெரிய பயம், ஆறு கரண்டி சீனியில் கரைந்துபோயிருந்தது.

கடைசிப் பட்டியை வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீனி ஏறிவிட்டதே, போகத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. இரவுக் கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர், குளிசைகளின் பெயர்களை வரிசையாகக் கேட்டார். சிப்ரோபுளொக்சசின் என்று சொன்னவுடன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்களை விடேலாது அம்மா. இந்தக் குளிசையாலை விழுந்த சீனி ஒருக்கா ஏறினாலும் திரும்ப விழும்." அவர் சொன்னது போலவே, குளுக்கோஸ் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே காலை எட்டு மணிக்கு 58 இற்கு இறங்கியது. வெளியே எங்கோ கோயிலில் ஊதிய மார்கழி விடியற்காலைச் சங்கு அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது. அம்மாவைச் சனிக்கிழமை முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் வேலை வயதுக்கு ஏற்பக் கொஞ்சம் மந்தமாகியிருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது. சிப்ரோ பெரும்பாலும் சிறுநீரகத்தினாலேயே வெளியேறும் மருந்து என்பதால், அது உடம்பில் தங்கும் நேரமும் கூடியிருக்கும் என்றார்கள்.

ஒரே படலை

வைத்தியர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். சதையியில் (கணையத்தில்) இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களின் சுவரில் பொற்றாசியம் வெளியேறும் வாயில்கள் உண்டு. படலைகள் என்றே அவற்றைச் சொல்லலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரத்தத்தில் சீனி கூடும்போது அந்தப் படலைகள் மூடுகின்றன, அதன் விளைவாகக் கல்சியம் உள்ளே வருகிறது, இன்சுலின் வெளியே போகிறது. சீனி குறைந்தால் படலை திறந்துகொள்ளும், சுரப்பும் அடங்கும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சல்போனைல்யூரியாக் குளிசைகள், சீனி எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் அந்தப் படலையை மூடிவிடும். அவற்றின் வேலையே அதுதான். சிப்ரோபுளொக்சசின் அடங்கும் புளோரோகுயினொலோன் கூட்டத்து அன்ரிபயோட்டிக்குகளும், கிருமியைக் கொல்ல வந்த இடத்தில், அதே படலையில் கையை வைக்கக் கூடியவை. சாப்பாடு இல்லாத வயிறு, மந்தமான சிறுநீரகம், பூட்டிய படலைக்கு இன்னொரு பூட்டு என்று மூன்றும் ஒரே வெள்ளிக்கிழமையில் கூடிவிட்டன. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல அந்த வைத்தியரும் முயலவில்லை. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி நேர்வது மிகவும் அரிது.

இந்த இரண்டு மருந்துக் கூட்டங்களும் சந்திப்பது புதிய கதை அல்ல என்பது எனக்கு வியப்பாக இருந்தது. சீனிக் குளிசையே கிருமி மருந்தின் வயிற்றில் பிறந்ததுதான். 1942 இல், போர்க்காலப் பிரான்ஸில், மொன்பெல்லியே நகரில் மார்செல் ஜான்பொன் என்ற வைத்தியர் நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்போனமைட் வகைக் கிருமி மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்குச் சீனி அபாயகரமாக இறங்குவதைக் கண்டார். அவருடைய நகரத்தவரான ஓகுஸ்த் லூபத்தியேர் அதைப் பின்தொடர்ந்து, சதையி முழுவதையும் அகற்றிய விலங்கில் அந்த மருந்து சீனியை இறக்குவதில்லை என்று காட்டினார். அந்த வழியில் வந்தவைதான் 1950களில் சந்தைக்கு வந்த முதல் சல்போனைல்யூரியாக் குளிசைகள். நெருப்புக்காய்ச்சல் நோயாளிகள் வியர்த்து நடுங்கி மயங்கியதை வெறும் காய்ச்சலின் குழப்பம் என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் குளிசை பிறந்திராது. நாங்கள் அம்மா விடயத்தில் செய்ததும் அந்த ஒதுக்கல்தான். சல்போனமைட்டு சேர்ந்த கோட்றைமொக்சசோலும், கிளறித்ரோமைசினும் வேறு வழிகளால் சீனிக் குளிசையின் வேகத்தைக் கூட்டக் கூடியவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிப்ரோ என்றால் ஓடுங்கள் என்று நான் எழுதவில்லை. 2013 இல் வெளியான தாய்வான் ஆய்வொன்றில், புளோரோகுயினொலோன் எடுத்த நீரிழிவுக்காரரிடையே சீனி கடுமையாக இறங்கியவர்கள், சிப்ரோவைப் பொறுத்தவரை, ஆயிரத்துக்கு எட்டுப் பேரளவில். வேறு வகை அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேரளவில். அதாவது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நேராது. நான்கு நிமிடத்தில் மருந்தெழுதிய அந்த மருத்துவர் முன்பு நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதே குளிசையை எழுதி, ஒருவரும் திரும்பி வந்து முறையிடாமல் இருந்திருக்கலாம். ஆனால் 2018 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கூட்டத்து மருந்துகளுக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியபோது, சீனி இறங்கிக் கோமாவுக்குப் போன 67 பேரையும் அவர்களில் இறந்த 13 பேரையும் எண்ணிக் காட்டியது. அந்த அறிவித்தலில் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது இன்னொரு பகுதி. இதே மருந்துகள் மனதையும் தாக்கலாம், பதற்றம், நிலைகொள்ளாமை, இடம் காலம் தெரியாத குழப்பம், ஞாபகத் தடுமாற்றம் ஆகியவை நேரலாம் என்று அதே அறிவித்தல் கூறியது. சீனி இறங்காமலே கூட. போதாததற்குச் சிப்ரோ, தேயிலையிலுள்ள கஃபீனை உடம்பு கழிக்கும் வேகத்தையும் குறைக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்ரீ குடிக்கும் அம்மாவுக்கு அதுவும் ஒரு பங்கு செய்திருக்கும்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. சீனி இறங்கியதும் மூளையைக் காப்பாற்ற உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. பொம்மர் வரும் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியபோது கொட்டியதும் அதே அட்ரினலின்தான். அம்மா பயந்ததால் நெஞ்சு அடிக்கவில்லை. நெஞ்சு அடித்ததால், அதற்குப் பொருத்தமான பயத்தை அவருடைய மனம் பழைய பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்தது. கைக்கு முதலில் அகப்பட்டது படலை. இதில் அவர் செய்ததையும் நாங்கள் செய்ததையும் வேறுபடுத்த எனக்குத் தெரியவில்லை. நாங்களும் அவருடைய நடுக்கத்தைக் கண்டு, கைக்கு அகப்பட்ட காரணத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். முப்பது வருடம் பழகிய காரணம் என்பதால் அது பொய்யாக இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விரலில் ஒரு குத்து, ஐந்து விநாடி. அதற்கு எங்களுக்கு மூன்று இரவுகள் பிடித்தன.

இப்போது கிளினிக் கொப்பியின் முன் அட்டையில், சிவப்புப் பேனையால் அம்மா எடுக்கும் குளிசைகளின் பெயரையும், சிப்ரோவால் சீனி இறங்கிய திகதியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மருந்தின் பெயர் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு நான் ஒரு பைத்தியமாகவே மாறிவிட்டேன். மருந்தை அதன் உண்மைப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே போராடிய நாடு இது. 1971 இல் அவருடைய முயற்சியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இன்றும் எங்களுக்குக் குளிசை வருவது, காலை ஒன்று மாலை ஒன்று என்று மட்டும் எழுதிய கடதாசிக் கவருக்குள். வெள்ளைக் குளிசை, பெரிய வெள்ளைக் குளிசை என்றுதான் அம்மாவின் தலைமுறை தன் மருந்துகளை அடையாளம் சொல்கிறது. இந்த முறை சலக்கடுப்பு வந்தபோது, கொப்பியைப் பார்த்த வைத்தியர் வேறு கூட்டத்து அன்ரிபயோட்டிக் ஒன்றை எழுதினார். சாப்பாடு குறைந்தால் மாலைக் கிளிக்கிளசைட்டை என்ன செய்வது என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. மாமிக்கும் ஒரு விடயம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் பிறசருக்கு அட்டெனோலோல் எடுப்பவர். சீனி இறங்கினால் நெஞ்சு படபடப்பும் நடுக்கமும் அவருக்குத் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு தன் மருமகளைக் கூப்பிட்டு எனக்கு முன்னால் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "சீனியும்தான் அக்கா, ஆனா அதுவும் இருக்கு" என்கிறான். நான் கொஞ்ச நாள் அவனோடு கடுமையாக வாதாடினேன். எல்லாம் சீனிதான், எல்லாம் அந்தக் குளிசைதான் என்று புதிதாகக் கண்டுபிடித்த காரணத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா பகலில் ஒரு பெருமூச்சு விட்டாலும் விரலைக் குத்திப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அவருடைய விரல் நுனிகளில் கறுப்புப் புள்ளிகள் நிறைந்துவிட்டன. ஒருநாள் அவர் கையை இழுத்துக்கொண்டு, "நான் சும்மா யோசிச்சுக்கொண்டு இருக்கக் கூடாதோ?" என்று கேட்டார்.

போன மாதம் ஒரு நள்ளிரவில் மறுபடியும் அந்தக் குரல் கேட்டது. "பிள்ளை, படலையைப் பூட்டினியோ?" அன்ரிபயோட்டிக் எதுவும் இல்லாத நாள், இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தார். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. விரலைக் குத்தினேன். 131. பட்டியைக் குப்பைக்குள் போட்டுவிட்டு, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போய்ப் படலையைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து, பூட்டியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஓம்" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.